பால் எங்கே போனது?

1995-ஆம் ஆண்டு செப்டம்பர் 21, வியாழக்கிழமை. இதை வாசிக்கும் தம்பி தங்கைகளில் பலர் அப்போது பிறந்தே இருக்க மாட்டீர்கள். நான் மூன்றாம் படிவம். பி.எம்.ஆர். தேர்வுக்குச் சில வாரங்கள்தான் இருந்தன. பள்ளி விட்டு வந்து சாப்பிட்டுவிட்டு, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கி வழிந்துகொண்டிருந்தேன். வீட்டுத் தொலைபேசி அடித்தது. அத்தை. எடுத்தவுடன், "பாட்டியக் கூப்பிடு, சீக்கிரம் பாட்டியக் கூப்பிடு" என்று ஒரே படபடப்பு.

பிள்ளையார் பால் குடிக்கிறாராம்.

டில்லியில் விடியற்காலையில் ஒரு கோயிலில் கிளம்பிய செய்தி அது. யாரோ ஒருவர் கரண்டியில் பாலை எடுத்துப் பிள்ளையார் சிலையின் தும்பிக்கையில் வைத்திருக்கிறார். கரண்டியில் பால் குறைந்திருக்கிறது. மதியத்துக்குள் வட இந்தியா எங்கும் கோயில் வாசல்களில் நீண்ட வரிசை. அன்று இரவுக்குள் லண்டன், கனடா என்று இந்துக்கள் வாழும் தூர தேசங்களுக்கும் பரவிவிட்டது. வாட்ஸ்அப் இல்லை, பேஸ்புக் இல்லை. வீட்டுத் தொலைபேசியும் மனிதர்களின் வாயும்தான். அதிலேயே ஒரு நாளில் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் பாட்டி குளித்து, சேலை மாற்றி, சாமி மேடையிலிருந்த வெண்கலப் பிள்ளையாரை எடுத்து நன்றாகக் கழுவினார். ஒரு தட்டில் மஞ்சள் துணியை விரித்து அதன்மேல் வைத்தார். பால்காரரிடம் வாங்கிய பசும்பால், டீ கலக்கும் சின்னக் கரண்டி. கரண்டி நிறையப் பாலை எடுத்து, தும்பிக்கையில் படுகிற மாதிரி லேசாகச் சாய்த்துப் பிடித்தார். பக்கத்து வீட்டார், எதிர்வீட்டார், மோட்டார் சைக்கிளில் பறந்து வந்த மாமா எல்லாரும் சுற்றி நின்றோம்.

பால் குறைந்தது. யாரோ மெதுவாக உறிஞ்சுவதுபோல, எங்கள் கண்ணெதிரே குறைந்தது. பக்கத்து வீட்டு அக்கா அழுதே விட்டார். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. பொய் சொல்ல மாட்டேன்.

பத்துப் பதினைந்து கரண்டி போன பிறகு என் முறை வந்தது. நான் குனிந்தபோது தட்டில் விரித்திருந்த துணியில் கை பட்டது. சொதசொதவென்று நனைந்திருந்தது.

"பாட்டி, பால் கீழ ஓடுது" என்றேன்.

வீடே என்னைத் திரும்பிப் பார்த்தது. மாமா தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தார். பாட்டி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. துணியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு பாத்திரத்தில் மிச்சமிருந்த பாலில் சர்க்கரை போட்டுக் காய்ச்சி, "சாமிக்கு வச்சது, குடிங்க" என்று வந்திருந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தார்.

அடுத்த சில நாள்களில் விஞ்ஞானிகளின் விளக்கம் நாளிதழில் வந்தது. நான் அதைப் பாட்டி முன்னால் நின்று, செய்தி வாசிப்பாளர் மாதிரி சத்தமாகப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டுப் பாட்டி சொன்னது இவ்வளவுதான்: "சரி. வெளக்குல எண்ணெ கொறஞ்சிருக்கு பாரு, ஊத்து."

தோற்றுப்போனதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் பேச்சை மாற்றுகிறார் என்று அப்போது நினைத்தேன். அந்தச் 'சரி'யின் அர்த்தம் புரிய எனக்குப் பன்னிரண்டு வருடமும், அம்மாவின் 18,000 ரிங்கிட்டும் தேவைப்பட்டன. அந்தக் கதைக்கு வருகிறேன்.

கண் பொய் சொல்லவில்லை

முதலில் அந்த விளக்கத்தைப் பார்த்துவிடுவோம். இந்திய அறிவியல் தொழில்நுட்ப அமைச்சின் விஞ்ஞானிகள் டில்லியில் ஒரு கோயிலுக்குப் போய், பாலில் சாயம் கலந்து சிலைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கரண்டியில் பால் குறைந்தது. அதே சமயம் சிலையின் முன்பக்கத்தில் சாயம் கோடு கோடாக இறங்கி வந்தது. திரவத்தின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய தோல் மாதிரி நடந்துகொள்ளும். இதைப் பரப்பு இழுவிசை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். நிறைந்த கரண்டி ஈரமான சிலையில் பட்டவுடன் பால் விளிம்பைத் தாண்டி மேலேறி சிலையோடு ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் மெல்லிய படலமாகக் கீழே வழிகிறது. கழுவி ஈரமாக இருக்கும் சிலைமேல் அந்தப் படலம் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அன்று வரிசையில் நின்ற இலட்சக்கணக்கான பேரில் பெரும்பாலோர் பொய் சொல்லவில்லை. "கரண்டியில பால் கொறஞ்சதை என் கண்ணால பார்த்தேன்" என்று சொன்னது உண்மை. அவர்கள் பார்த்தார்கள். ஆனால் எல்லாரும் கரண்டியையே பார்த்தார்கள். சிலை நின்ற பீடத்தை யாரும் பார்க்கவில்லை.

மனிதனின் மடமையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காட்சிதான் ஞாபகம் வரும். நாம் ஏமாறுவது பெரும்பாலும் இல்லாததைப் பார்ப்பதால் நடப்பதில்லை. இருப்பதில் பாதியை மட்டும் பார்த்துவிட்டு, மீதியைப் பார்க்க மனம் வராமல் நின்றுவிடுவதால் நடக்கிறது.

என் முறை

துணி நனைந்திருந்ததைக் கண்டுபிடித்தவன் நான்தானே? அந்த கெத்து எனக்குள் பல வருடம் இருந்தது. பல்கலைக்கழகம் போன பிறகு இன்னும் கூடியது. வீட்டில் யார் விரதம் இருந்தாலும் கிண்டல். தைப்பூசத்தில் காவடி எடுத்த நண்பனிடம் "இதெல்லாம் எந்த நூற்றாண்டுடா?" என்று கேட்டிருக்கிறேன். நான் எதையும் நம்பாதவன், ஆகவே என்னை யாரும் ஏமாற்ற முடியாது. இதுதான் என் நினைப்பு.

2007-இல் கல்லூரிக் காலத்து நண்பன் ஒருவன் வந்தான். நல்ல கார், நல்ல சட்டை. தங்கத்தில் முதலீடு, மாதம் 10 விழுக்காடு இலாபம் என்றான். முதலில் என் சேமிப்பிலிருந்து 5,000 ரிங்கிட் போட்டேன். முதல் மாதம் 500 வந்தது. இரண்டாம் மாதம் 500, மூன்றாம் மாதம் 500. சொன்ன தேதியில் டாண் என்று கணக்கில் ஏறியது. "என் கண்ணாலயே பார்க்கிறேன்ல" என்று சொல்லிக்கொண்டேன். கவனியுங்கள், வரிசையில் நின்றவர்கள் சொன்ன அதே வாக்கியம்.

அந்த வருடம்தான் அம்மாவுக்கு 55 வயது. தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் நின்றுகொண்டே வேலை செய்து சேர்ந்த சேமநிதிப் பணம் கைக்கு வந்திருந்தது. "பேங்குல போட்டு வச்சா என்னம்மா வட்டி கெடைக்கும்? என்கிட்ட குடுங்க" என்றேன். அம்மா என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. படித்த பிள்ளை. 18,000 ரிங்கிட்டை எடுத்துக் கொடுத்தார்.

ஏழாவது மாதம் பணம் வரவில்லை. எட்டாவது மாதம் நண்பனின் கைத்தொலைபேசி அடைத்திருந்தது. அவனும் ஏமாந்தவன்தான் என்று பிறகு தெரிந்தது.

கணிதத்தில் 'ஏ' எடுத்தவன் நான். மாதம் 10 விழுக்காடு கூட்டு வட்டியில் வளர்ந்தால், ஒரே வருடத்தில் ஒரு ரிங்கிட் மூன்று ரிங்கிட்டுக்கு மேல் ஆகும். பத்து வருடத்தில் 1,000 ரிங்கிட் 92 மில்லியனைத் தாண்டும். எந்தத் தங்க வியாபாரமும் இப்படி வளர முடியாது. ஐந்து நிமிடத்தில் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்திருக்கலாம். பிறகு வந்து சேர்ந்தவர்களின் பணத்தை எடுத்து முன்பு சேர்ந்தவர்களுக்கு 'இலாபம்' என்று கொடுக்கிற வித்தை இது. 1920-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்ல்ஸ் போன்சி என்பவர் 45 நாளில் 50 விழுக்காடு என்று சொல்லி இதைத்தான் செய்தார். அவர் பெயரிலேயே இதற்கு 'போன்சி திட்டம்' என்று பெயர் வந்துவிட்டது. நூறு வருடப் பழைய வித்தை. நான் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பணம் எங்கிருந்து வருகிறது என்று பீடத்தைப் பார்க்கவில்லை.

அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. அடுத்த மாதமே ஒரு பள்ளி கேண்டீனில் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போனார். மூன்று வருடம் போனார். நான் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தேன். பணம் திரும்பியது. அந்த மூன்று வருடம் திரும்பவில்லை.

பாட்டி அன்று ஏமாந்திருந்தால், இழந்தது அரை லிட்டர் பால். அதையும் பிள்ளைகள் குடித்துவிட்டார்கள்.

இரண்டு, நான்கு, ஆறு

அதற்குப் பிறகுதான் மனித மனம் எப்படி ஏமாறுகிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எங்கள் இளையோர் முகாமில் ஒரு விளையாட்டு வைப்பது வழக்கம். 1960-இல் பீட்டர் வேசன் என்ற உளவியல் அறிஞர் வெளியிட்ட சோதனை அது. நீங்களும் நண்பர்களிடம் செய்து பார்க்கலாம்.

"2, 4, 6. இந்த மூன்று எண்களும் என் மனதிலுள்ள ஒரு விதிக்குப் பொருந்தும். நீங்கள் வேறு மூன்று எண்களைச் சொல்லுங்கள். பொருந்துமா இல்லையா என்று சொல்வேன். விதி தெரிந்துவிட்டது என்று உறுதியானதும் சொல்லுங்கள்."

உடனே கை தூக்குவார்கள். "8, 10, 12?" பொருந்தும். "20, 22, 24?" பொருந்தும். "100, 102, 104?" பொருந்தும். "கண்டுபிடிச்சிட்டேன் அண்ணா! இரண்டிரண்டாகக் கூடும் இரட்டை எண்கள்!"

தவறு. விதி அவ்வளவு சிக்கலானதே இல்லை. சின்னதிலிருந்து பெரிதாக ஏறுகிற எந்த மூன்று எண்ணும் பொருந்தும். 1, 7, 90-உம் பொருந்தும். பெரும்பாலோர் தோற்பதற்குக் காரணம், தாங்கள் நினைத்தது சரி என்று காட்டும் எண்களையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பதுதான். நினைத்தது தவறு என்று காட்டக்கூடிய ஓர் எண்ணைச் சொல்லிப் பார்க்க மனம் வருவதில்லை. ஒரே ஒரு முறை "6, 4, 2" என்றோ "1, 2, 3" என்றோ சொல்லியிருந்தால் வழி திறந்திருக்கும்.

இதையே நம் வட்டாரக் கதைக்குக் கொண்டு வருவோம். மரத்தடிச் சாமியிடம் நம்பர் கேட்பது நமக்குத் தெரியாததா? கனவில் பாம்பு வந்தால் நம்பர், விபத்தில் சிக்கிய காரின் பிளேட்டைப் பார்த்தால் நம்பர். நாலு நம்பரில் 0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 எண்கள். ஒரு குலுக்கலில் பரிசு பெறுவது முதல் மூன்று பரிசுகளும் சிறப்பு, ஆறுதல் பரிசுகளும் சேர்த்து 23 எண்கள். அப்படியென்றால் ஆளுக்கு ஓர் எண் என்று ஏறக்குறைய 435 பேர் எடுத்தால், சராசரியாக ஒருவருக்கு ஏதோ ஒரு பரிசு விழும். சாமியிடம் கேட்டாலும் விழும், வீட்டு எலியிடம் கேட்டாலும் விழும்.

விழுந்த அந்த ஒருவர் என்ன செய்வார்? அந்த மரத்தடிக்குப் பட்டு சாத்துவார், கிடா வெட்டுவார், ஊரெல்லாம் சொல்வார். விழாத 434 பேர்? "நம்ம நேரம் சரியில்ல" என்று பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆகவே அந்த மரத்தைப் பற்றி நம் காதில் விழுவதெல்லாம் வென்ற கதை மட்டும். தோற்ற கதைக்கு வாயே இல்லை.

புத்திசாலி ஏமாற மாட்டானா?

படித்தால் சரியாகிவிடும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஷெர்லாக் ஹோம்ஸ் என்ற துப்பறிவாளனை உருவாக்கிய ஆர்தர் கோனன் டோயில் ஒரு மருத்துவர். சாம்பலையும் செருப்புத் தடத்தையும் பார்த்து உண்மையைச் சொல்லும் பாத்திரத்தைப் படைத்தவர். 1917-இல் இங்கிலாந்தின் கொட்டிங்லி கிராமத்தில் இரண்டு சிறுமிகள், குட்டி தேவதைகளோடு தாங்கள் இருப்பதாகப் படம் எடுத்தார்கள். 1920-இல் டோயில் அதை உண்மை என்று நம்பிப் பத்திரிகையில் கட்டுரையே எழுதினார். அந்தத் தேவதைகள் ஒரு புத்தகத்துப் படங்களைப் பார்த்து வரைந்து வெட்டி, ஊசியால் குத்தி நிறுத்திய காகிதங்கள். அந்தச் சிறுமிகள் கிழவிகளான பிறகு, 1983-இல்தான் அதை ஒப்புக்கொண்டார்கள்.

டோயிலுக்கு மூளை இல்லாமலா? கண்ணுக்குத் தெரியாத உலகம் ஒன்று உண்டு என்று அவர் முன்பே நம்பியிருந்தார். 1918-இல் அவருடைய மகன் இறந்துபோனார். இறந்தவர்கள் எங்கோ இருக்கிறார்கள் என்பது அவருக்கு வெறும் கருத்து இல்லை, ஆறுதல். ஆறுதலைச் சோதித்துப் பார்க்க யாருக்குத்தான் மனம் வரும்? அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. அவருக்குத் துக்கம். எனக்கு ஆசை. மரத்தடியில் நிற்பவருக்குக் கடன். காரணம் வேறு வேறு, ஆனால் மூன்று பேரும் பீடத்தைப் பார்க்காமல் விட்டோம். கெட்டிக்காரனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தான் நம்ப விரும்புவதற்கு நியாயம் கண்டுபிடிக்கவும் அவனுக்குக் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

நம் பெரியவர்கள் வைத்த பெயர்

இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த விஷயம் என்று நினைக்க வேண்டாம். திருக்குறளில் மடமைக்கு ஒன்றல்ல, இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. 84-ஆவது பேதைமை. 85-ஆவது புல்லறிவாண்மை. பேதைமை என்பது நல்லது எது கெட்டது எது என்று தெரியாமல் கெட்டதைப் பிடித்துக்கொள்வது. புல்லறிவாண்மை அதைவிட மோசமானது. கொஞ்சம் தெரிந்துகொண்டு எல்லாம் தெரிந்ததாக நினைத்துக்கொள்வது. 1995-இல் எங்கள் வீட்டில் கரண்டியை மட்டும் பார்த்தவர்களிடம் இருந்தது முதலாவது. நாளிதழைச் சத்தமாக வாசித்த பையனிடம் இருந்தது இரண்டாவது.

சைவ சித்தாந்தம் இன்னும் ஆழமாகப் போகிறது. உமாபதி சிவாச்சாரியார் திருவருட்பயனில் ஆணவ மலத்தை இருட்டோடு ஒப்பிடுகிறார். அறையில் இருட்டாக இருந்தால் மேசை தெரியாது, நாற்காலி தெரியாது. ஆனால் இருட்டாக இருக்கிறது என்பதாவது தெரியும். ஆணவம் அப்படிக்கூட இல்லை. அது மற்றதையும் மறைக்கும், தான் இருப்பதையும் மறைத்துக்கொள்ளும் என்கிறார். இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் நண்பன் என் முன்னால் காரை நிறுத்தியபோது என் அறையில் விளக்கு எரிகிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, அப்படியென்றால் நம்பிக்கையே வேண்டாமா? எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கலாமா? இதற்குக் கடோபநிடதத்தில் வரும் நசிகேதன் கதையைப் பாருங்கள். அப்பா யாகம் செய்து தானம் கொடுக்கிறார். கொடுப்பதோ பால் வற்றிப்போன, புல் மேயவும் முடியாத கிழட்டுப் பசுக்கள். பக்கத்தில் நிற்கும் சிறுவனுக்குள் அப்போது 'சிரத்தை' புகுந்தது என்கிறது உபநிடதம். சிரத்தை என்றால் நம்பிக்கை, பற்று, அக்கறை எல்லாம் சேர்ந்தது. சிரத்தை புகுந்ததும் அந்தப் பையன் கண்ணை மூடிக் கும்பிட்டானா? இல்லை. இப்படிப்பட்ட தானத்தால் என்ன பலன் வரும் என்று யோசித்தான். "என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?" என்று அப்பாவைக் கேட்டான். ஒரு முறை அல்ல, மூன்று முறை. கோபத்தில் அப்பா "உன்னை எமனுக்குக் கொடுத்தேன்" என்றார். அவன் எமன் வீட்டு வாசலுக்கே போய், அங்கேயும் கேள்விதான் கேட்டான். எமன் செல்வமும் நீண்ட ஆயுளும் தருகிறேன் என்றபோதும் கேள்வியை விடவில்லை.

யாகத்தை நம்பாதவன் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டான். 'எப்படியோ போகட்டும்' என்று இருந்திருப்பான். யாகம் உண்மையாக இருக்க வேண்டும் என்ற அக்கறை இருந்ததால்தான் கேட்டான். எதன்மேல் நமக்கு உண்மையான பற்று இருக்கிறதோ, அதைத்தான் நாம் சோதித்துப் பார்க்கத் துணிவோம். கேள்வி கேட்டால் உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து பொத்தி வைப்பது பற்று இல்லை. அது ஆசையாகவோ பயமாகவோதான் இருக்கும்.

கோமுகி

இப்போது பாட்டியின் 'சரி'க்கு வருகிறேன்.

அபிஷேகம் நடக்கும்போது கருவறையின் வெளிச்சுவரைப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே ஊற்றும் பாலும் தண்ணீரும் வெளியே வந்து விழுவதற்கு ஒரு வாய் இருக்கும். அதற்குக் கோமுகி என்று பெயர். சாமிக்கு ஊற்றும் பால் எங்கே போகிறது என்பது நம் முன்னோருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான், அது வெளியேற வழி வைத்துக் கோயிலைக் கட்டினார்கள். பால் கீழே ஓடுகிறது என்பது பக்திக்கு எதிரான இரகசியம் இல்லை. கோயிலின் கட்டடத்திலேயே இருக்கிறது.

தைப்பூசத்தில் பத்துமலையின் 272 படிகளையும் பால்குடத்தோடு ஏறும் அம்மாவிடம் போய், "சாமி இதக் குடிக்கப் போறாரா?" என்று கேட்டால் அவர் சிரிப்பார். குடிக்க மாட்டார் என்று அவருக்குத் தெரியும். பிள்ளைக்கு உடம்பு சரியானதற்கு நன்றி சொல்ல வந்தவர் அவர். விரதம் இருந்து, வெறுங்காலோடு நடந்து, சிந்தாமல் கொண்டுவந்து, கடைசியில் ஊற்றிவிட்டுப் போகிறார். அவர் அங்கே எதையும் நிரூபிக்க வரவில்லை. கொடுக்க வந்தார். கொடுத்துவிட்டார்.

பாட்டிக்கும் அப்படித்தான். அன்று மதியம் அவருக்கும் சிலிர்த்தது. மறுக்கவில்லை. ஈரத்துணியைத் தொட்டபோது தெரிந்துகொண்டார். மறைக்கவும் இல்லை, துணியை மாற்றிப்போட்டு மறுபடியும் ஊட்டவும் இல்லை. நான் நாளிதழை வாசித்தபோது கோபப்படவும் இல்லை. ஏனென்றால் ஐம்பது வருடமாக அவர் ஏற்றிய விளக்கு அந்தக் கரண்டியை நம்பி எரியவில்லை. பிள்ளையார் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் மறுநாள் விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும். அதைத்தான் சொன்னார். பேச்சை மாற்றவில்லை.

கரண்டியை நம்பி இருந்தவன் நான்தான். சிலை பால் குடித்தால் சாமி உண்டு, குடிக்காவிட்டால் சாமி இல்லை, நான் புத்திசாலி. இதுதான் என் கணக்கு. அற்புதம் நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவனும், அற்புதம் பொய்த்தால் எல்லாமே பொய் என்று குதிப்பவனும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

தம்பி தங்கைகளுக்கு

உங்கள் காலத்தில் வரிசை கோயில் வாசலில் இல்லை, உங்கள் கையிலேயே இருக்கிறது. "இதை 11 பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும்" என்பதும் வரும். கிரிப்டோவில் ஒரே வாரத்தில் இரட்டிப்பு என்பதும் வரும். தோஷம் கழிக்க 3,888 ரிங்கிட் என்று சொல்லும் ஆசாமியும் வருவார். போலீஸ் பேசுகிறேன், உன் பெயரில் வழக்கு இருக்கிறது என்ற அழைப்பும் வரும். ஒன்றில் பக்தி வேஷம், ஒன்றில் அறிவியல் வேஷம், ஒன்றில் அரசாங்க வேஷம். உள்ளே இருக்கும் வித்தை ஒன்றுதான்.

எனக்கு நானே கேட்டுக்கொள்ளும் மூன்று கேள்விகளை உங்களிடமும் சொல்கிறேன். நான் கரண்டியை மட்டும் பார்க்கிறேனா, இதில் பீடம் எங்கே இருக்கிறது? நான் நினைப்பது தவறாக இருந்தால், அது எனக்கு எப்படித் தெரியவரும்? நான் கேள்வி கேட்டால் எதிரே இருப்பவர் பதில் சொல்கிறாரா, கோபப்படுகிறாரா, அவசரப்படுத்துகிறாரா? மூன்றாவது கேள்வி ஒன்றே என் அம்மாவின் பணத்தைக் காப்பாற்றியிருக்கும். "யோசிக்காதடா, இந்த வாரத்தோட சேர்க்கை முடியுது" என்றுதான் அவன் சொன்னான்.

இன்னொன்று. இந்தக் கேள்விகளை முதலில் உங்கள்மேல் பாயவிடுங்கள். வீட்டுப் பெரியவர்கள்மேல் அல்ல. பாட்டி சுற்றிப் போடுகிறார் என்று சிரிப்பது சுலபம். சுற்றிப் போட்டு அவர் யாரையும் கடனில் தள்ளவில்லை. அதே சமயம், யாராவது பாட்டியிடம் சாமி பெயரைச் சொல்லிச் சங்கிலியைக் கழற்றப் பார்த்தால், சிரிக்காமல், கத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டி, இந்தத் துணியக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க" என்று சொல்லுங்கள். தொட்டுப் பார்த்தால் அவருக்கே தெரியும். தொட்டுப் பார்க்க வைக்கும் அளவுக்கு உங்கள்மேல் அவருக்கு நம்பிக்கை இருக்க வேண்டும். கிண்டல் செய்து அந்த நம்பிக்கையை முன்பே கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

பாட்டி 2001-இல் காலமானார். நான் பணத்தை இழந்ததைப் பார்க்க அவர் இல்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்த வெண்கலப் பிள்ளையார் இப்போது என் வீட்டுச் சாமி மேடையில் இருக்கிறார். போன மாதம் என் மகள் அவரைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, "அப்பா, இவரு நிஜமாவே பால் குடிச்சாரா?" என்று கேட்டாள்.

சமையலறையிலிருந்து ஒரு கரண்டியும் பாலும் கொண்டுவரச் சொன்னேன். கொஞ்சம் மஞ்சள் தூளையும் கலக்கச் சொன்னேன். அவளே பிடித்தாள். கரண்டியில் பால் குறைந்தது. கண்கள் விரிந்தன. "இப்ப கீழ பாரு" என்றேன். பார்த்தாள். மஞ்சள் கோடு தும்பிக்கையிலிருந்து வயிறு வழியாகப் பீடத்துக்கு இறங்கியிருந்தது. கலகலவென்று சிரித்தாள். பிறகு பிள்ளையாரை மறுபடியும் கழுவி, துடைத்து, மேடையில் வைத்து, யாரும் சொல்லாமலே விளக்கை ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் பாடம் படிக்கப் போனாள்.